சமாதானம் படிக்க ஒரு எம்.ஏ.

டெல்லித் தமிழ்க் குடும்பங்களில் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஒரு பேச்சு ஓடும். இன்ஜினியரிங், மெடிக்கல், சி.ஏ. கொஞ்சம் தைரியமான வீடாக இருந்தால் சட்டம். டிகிரி முடித்தபிறகு இன்னொரு பேச்சு. எம்.பி.ஏ. அல்லது அமெரிக்கா. இந்த இரண்டு பேச்சிலும் இடமே இல்லாத ஒரு படிப்பைப் பற்றி இன்றைக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கடந்த ஒரு வருஷத்தில் தெரிந்த மூன்று வீடுகளில் ஒரே பிரச்னை. பெண்ணோ பையனோ பி.ஏ. முடித்துவிட்டு, "பீஸ் அண்ட் கான்ஃப்ளிக்ட் ஸ்டடீஸ் எம்.ஏ. படிக்கப் போகிறேன்" என்கிறார்கள். தமிழில் சொன்னால் அமைதி மற்றும் மோதல் ஆய்வு. அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. அம்மா பேசுவதை நிறுத்திவிடுகிறார். ஒரு வீட்டில், கும்பகோணத்திலிருந்து பாட்டி போனில் கேட்டாராம்: "சண்டை போடக் கத்துக் குடுக்கறாளா, சண்டையை விலக்கக் கத்துக் குடுக்கறாளா?"

அந்த மூன்று வீடுகளிலும் கேட்கப்பட்ட கேள்விகளில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். மற்ற எல்லோரும் கேட்டது, "படிச்சா எவ்வளவு சம்பளம் வரும்?"

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு மற்றவர்களைவிட நம்மைப் போல வெளியூரில் பிழைக்கிறவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் பொருந்தும். ஆசைப்படுகிற பிள்ளையைத் தடுக்கக்கூடாது. ஆனால் இதற்காகக் கடன் வாங்கக்கூடாது.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். என் அண்ணன் மகள் இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் தங்கி இதைப் படித்தாள். அவள் புத்தகங்கள் கூடத்து மேஜையிலேயே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் படிக்க ஆரம்பித்து, பிறகு அவளோடு வாதாடி, அப்படியே ஒட்டிக்கொண்டது.

அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். இராணுவக் கல்லூரிகளில் போரை எப்படி ஜெயிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். போர் ஏன் வருகிறது, எப்படி நிற்கிறது, நின்றது ஏன் திரும்பவும் ஆரம்பிக்கிறது என்று ஆராய்வதற்குத் தனியாக ஒரு துறை இல்லை. அதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் நார்வேக்காரர் யோஹான் கால்டுங். கணிதமும் சமூகவியலும் படித்தவர். 1959-ல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார். 1964-ல் அதற்கென்றே ஓர் ஆய்விதழ். 2024-ல் காலமானார்.

இதில் நமக்கு ஒரு சம்பந்தம் இருக்கிறது. கட்டாய இராணுவ சேவைக்கு மறுத்த விவகாரத்தில் கால்டுங் இளம் வயதில் சில மாதங்கள் சிறையில் இருந்தவர். அவரும் தத்துவப் பேராசிரியர் ஆர்னே நேஸ்ஸும் சேர்ந்து 1955-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். காந்தியின் அரசியல் அறம்தான் பொருள். நாம் ஐரோப்பாவுக்குப் பணம் கட்டிப் பிள்ளையை அனுப்பிப் படிக்கவைக்க யோசிக்கிற துறை, பாதி இங்கிருந்து போனதுதான்.

பிறகு 1971-ல் ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஒரு துறை, 1973-ல் இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டில் ஒரு துறை என்று பரவியது. உப்சாலாக்காரர்கள் உலகத்து மோதல்களை வருஷா வருஷம் எண்ணுகிறார்கள். ஒரு மோதலில் ஓர் ஆண்டில் 25 பேராவது சண்டையில் செத்திருந்தால் கணக்கில் வரும். 1000-ஐத் தொட்டால் அது போர். கேட்கக் கல்மனசாகத் தெரியும். ஆனால் கணக்கு எழுதுகிறவனாகச் சொல்கிறேன், எண்ணாத விஷயத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை.

கால்டுங் சொன்னதில் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. அடிதடி இல்லாமல் இருப்பது ஒருவகை அமைதி. அதை எதிர்மறை அமைதி என்றார். அடிதடிக்கான காரணமே இல்லாமல் இருப்பது இன்னொருவகை. அது நேர்மறை அமைதி. 1969-ல் எழுதிய கட்டுரையில் இன்னொரு சொல்லையும் சேர்த்தார்: அமைப்பு சார்ந்த வன்முறை. யாரும் யாரையும் கைநீட்டி அடிக்கவில்லை, ஆனால் ஊர் அமைந்திருக்கிற விதமே ஒருவனை அடித்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு உதாரணம் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டாம். "எங்க ஊர்ல ஜாதிச் சண்டையே கிடையாது சார், எல்லாரும் ஒத்துமையா இருக்கோம்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களை நமக்கெல்லாம் தெரியும். அதே ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்திருக்கும். ஒரு தெருக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இன்னொரு தெருவைத் தாண்டியிருப்பார்கள். சண்டை இல்லைதான். ஒரு பக்கம் வாய் திறக்காததால் இல்லை. வாய் திறந்து கூலி உயர்வு கேட்டபோது என்ன நடந்தது என்பதற்கு 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் எரிந்துபோன 44 உயிர்கள் சாட்சி. முதல் நாள் வரைக்கும் அந்தப் பக்கத்தை 'அமைதியான பகுதி' என்று சொல்லியிருக்கவும் கூடும்.

ஆக, இது 'எல்லோரும் அன்பாக இருங்கள்' என்று உபதேசம் செய்கிற படிப்பு இல்லை. அமைதி என்று சொல்லப்படுவதைச் சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கிற படிப்பு.

காவிரியை வைத்து ஒரு பாடம்

இந்தத் துறையில் முதல் செமஸ்டரிலேயே ஒரு பயிற்சி தருவார்கள். ஒரு மோதலை எடுத்துக்கொள். அதில் யார் யார், அவர்கள் வெளியே கேட்பது என்ன, உள்ளே உண்மையில் வேண்டுவது என்ன, எதை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று பிரித்து எழுது. என் அண்ணன் மகள் காவிரியை எடுத்துக்கொண்டாள். அதனால் எனக்கும் கொஞ்சம் மனப்பாடம்.

வெளியே கேட்பது எல்லோருக்கும் தெரியும். "எங்கள் உரிமைத் தண்ணீரை விடு" என்கிறது ஒரு பக்கம், "ஒரு சொட்டும் விடமாட்டோம்" என்கிறது இன்னொரு பக்கம். 1892, 1924 ஒப்பந்தங்களில் ஆரம்பித்து, 1990-ல் நடுவர் மன்றம், 1991-ல் இடைக்காலத் தீர்ப்பு, 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று வந்து நிற்கிறது. சாதாரண ஆண்டில் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. வரவேண்டும் என்பது கடைசிக் கணக்கு.

ஆனால் நல்ல மழை பெய்த வருஷத்தில் யாராவது காவிரிக்காக பஸ் கொளுத்தி இருக்கிறார்களா? இல்லை. மேலே தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் கபினி நிரம்பி, கிருஷ்ணராஜ சாகர் நிரம்பி, தண்ணீர் தானாக மேட்டூருக்கு வருகிறது. பொய்த்த வருஷத்தில்தான் சண்டை. ஜூன் 12 வந்தும் மேட்டூர் திறக்காவிட்டால் குறுவை போகிறது. அதே நாளில் மண்டியாக்காரரின் கரும்பும் காய்கிறது. ஆக உண்மையான கேள்வி 'யாருக்கு எவ்வளவு உரிமை' என்பதைவிட, 'பற்றாக்குறையை எப்படிப் பங்கு போடுவது' என்பதுதான். மொத்தத் தண்ணீரைப் பங்கு போட்ட அளவுக்குத் தெளிவாக, பற்றாக்குறையைப் பங்கு போடுவது இன்னும் தீரவில்லை.

இதைப் புரிந்துகொண்டு 2003-ல் ஒரு முயற்சி நடந்தது. சென்னையில் இருக்கும் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் போன்றவர்கள் முன்னின்று, இரண்டு மாநில விவசாயிகளையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். 'காவிரிக் குடும்பம்' என்று பெயர். டெல்டா விவசாயிகள் கர்நாடகத்துக்குப் போய் வயலைப் பார்த்தார்கள். அவர்கள் இங்கே வந்து பார்த்தார்கள். டி.வி.யில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கமும், மற்றவன் வயலும் வெடித்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தது.

அதனால் பிரச்னை தீர்ந்ததா என்றால், இல்லை. அவர்கள் பல முறை கூடிப் பேசினார்கள். ஆனால் கடைசியில் முடிவு நீதிமன்றத்திலிருந்துதான் வந்தது. விவசாயிகள் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்று ஒன்று வரவில்லை. இருந்தாலும் இதை வீண் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு அரசாங்கங்களும் கோர்ட்டில் மட்டுமே முகம் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்களில், போனை எடுத்துப் பேசக்கூடிய நாலு பேர் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் தானாகக் கிடைப்பதில்லை. யாராவது மெனக்கெட்டு உருவாக்க வேண்டியிருக்கிறது. அப்படி மெனக்கெடத் தெரிந்தவர்களைத் தயார்செய்வதுதான் இந்தப் படிப்பு.

எந்தத் தெரு எரிகிறது, எந்தத் தெரு எரிவதில்லை?

1991 டிசம்பரில் நான் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இடைக்காலத் தீர்ப்பு கெஜட்டில் வெளியானதும் கலவரம். தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். எங்கள் வீட்டுக்காரம்மா கன்னடக்காரர். இரண்டு நாள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு தெரு தள்ளி இருந்த தமிழர் கடை எரிந்தது.

இதைக் கேட்கிறவர்கள் உடனே, "மனிதாபிமானம் சாகவில்லை பாருங்கள்" என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு வீட்டுக்காரம்மா உட்கார முடியாதே? நம்முடைய பாதுகாப்பு பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல மனசை மட்டும் நம்பி இருக்கலாமா?

இந்தக் கேள்விக்கு ஒருவர் பல வருஷம் உட்கார்ந்து பதில் தேடியிருக்கிறார். அஷுதோஷ் வார்ஷ்ணே என்ற அரசியல் அறிஞர். இந்து-முஸ்லிம் கலவரங்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 2002-ல் வந்தது. 1950 முதல் 1995 வரை நடந்த கலவரங்களைத் தொகுத்துப் பார்த்தால், இறந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் எட்டே நகரங்களில் இறந்திருக்கிறார்கள். கிராமங்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. ஆக, 'இந்தியா முழுக்க வெறுப்பு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தப்பு. சில ஊர்கள் எரிகின்றன, பல ஊர்கள் எரிவதில்லை. ஏன்?

அவர் ஊர்களை ஜோடி ஜோடியாக எடுத்து ஒப்பிட்டார். கலவரத்துக்குப் பேர் போன அலிகாருக்கு ஜோடி, அப்படி எதுவும் நடக்காத கோழிக்கோடு. ஹைதராபாத்துக்கு லக்னோ. அகமதாபாத்துக்கு சூரத். ஜோடியில் இரண்டு ஊரிலும் முஸ்லிம்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், இரண்டு சமூகமும் சேர்ந்து இருக்கிற சங்கங்களில். வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், கட்சிக் கிளை, வாசகசாலை, டாக்டர்கள் வக்கீல்கள் சங்கம். கலந்திருக்கிற சங்கங்கள் வலுவாக இருந்த ஊரில், வதந்தி கிளம்பியதும் அதைக் கொல்ல ஆள் இருந்தது. பக்கத்து வீட்டு சாப்பாட்டுப் பரிமாற்றமும் குழந்தைகள் சேர்ந்து விளையாடுவதும் கிராமத்துக்குப் போதும். பெரிய நகரத்துக்குப் போதாது. இதுதான் அவர் கண்டது.

இதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. கலவரம் தானாக நடப்பதில்லை, ஓட்டுக்கணக்குப் போட்டு அரசியல்வாதிகள் நடத்துவது, போலீஸ் நினைத்தால் நிறுத்தலாம் என்று சொல்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். வகுப்பில் இரண்டையும் படிக்கவைக்கிறார்கள். ஆனால் வெளியூர்த் தமிழர்கள் இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்ராயம்.

நாம் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கோயில் கட்டுகிறோம், பிறகு தமிழ்ச் சங்கம் வைக்கிறோம். நல்லதுதான். ஆனால் அந்தச் சங்கத்தில் தமிழர் அல்லாதவர் எத்தனை பேர்? பொங்கல் விழாவுக்கு உள்ளூர் எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டு மாலை போடுவதோடு சரி. அதேபோல் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? "அவங்க ஹிந்தியில கத்திக்கிட்டு இருப்பாங்க சார்" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். வார்ஷ்ணே சொல்வது சரி என்றால், ஆபத்து வரும் நாளில் தமிழ்ச் சங்கம் நமக்கு நிவாரணம்தான் தர முடியும். அந்த ஆபத்தே வராமல் தடுப்பது குடியிருப்போர் சங்கமாக இருக்கலாம்.

பெங்களூர் விஷயத்துக்கே திரும்பினால், அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 1991-லிருந்து 18 வருஷம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ல் இரண்டு முதலமைச்சர்களும் சேர்ந்து நின்று திறந்தார்கள். நாலு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஒன்று கொடுத்து ஒன்று வாங்குவது. சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இப்படிச் சேர்த்துச் செய்யவேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அதுதான் வித்தை. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லமுடியாது. 2016 செப்டம்பரில் அதே பெங்களூரில் தமிழகப் பதிவெண் பஸ்கள் டஜன்கணக்கில் எரிந்தன. மேலே சொன்ன எதிர்மறை, நேர்மறை அமைதி வித்தியாசம் இதுதான்.

ஒரு கையெழுத்தும் பல சேதிகளும்

"சமாதானம் எல்லாம் பேச்சுக்கு சரி, நிஜத்தில் எங்கே நடந்திருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே மிஜோரம் இருக்கிறது.

1959-ல் அங்கே மூங்கில் பூத்தது. பூத்தால் எலி பெருகும், எலி பெருகினால் தானியம் போகும். பஞ்சம். அன்றைக்கு அது அஸ்ஸாமின் ஒரு மாவட்டம். உதவி சரியாக வரவில்லை. பஞ்ச நிவாரணத்துக்காக லால்டெங்கா நடத்திய அமைப்பு 1961-ல் அரசியல் இயக்கமானது. 1966-ல் ஆயுதப் போராட்டம். ஐஜால் நகரத்தின் மேல் நம் விமானப்படையே குண்டு போட்டது. கிராமங்களைக் கலைத்து மக்களை முகாம்களில் அடைத்தார்கள். இருபது வருஷம்.

1986 ஜூன் 30-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு வழி செய்ததில் அங்குள்ள திருச்சபைகளுக்கும் மாணவர் அமைப்புகளுக்கும் பங்கு உண்டு. அப்போது காங்கிரஸ் முதலமைச்சராக இருந்த லால் தன்ஹாவ்லா, லால்டெங்காவுக்காகப் பதவியைவிட்டு இறங்கி துணை முதலமைச்சராக உட்கார்ந்தார். 1987-ல் மிஜோரம் தனி மாநிலம். லால்டெங்காவின் கட்சி 1989 தேர்தலில் தோற்றது. துப்பாக்கியை எடுக்கவில்லை. 1998-லும் 2018-லும் ஓட்டு வாங்கி ஆட்சிக்குத் திரும்பி வந்தது. தோற்றபிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஒப்பந்தத்தின் பலம் தெரிகிறது.

பக்கத்திலேயே நாகா பிரச்னை. 1997-ல் போர்நிறுத்தம், 2015-ல் ஒரு கட்டமைப்பு ஒப்பந்தம். பத்து வருஷம் ஆகியும் இறுதி ஒப்பந்தம் வரவில்லை. மணிப்பூர் 2023 மே 3-ல் வெடித்து, 60,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். பக்கத்துப் பக்கத்து மலைகள், மூன்று விதமான கதை. ஏன் என்று கேட்டால் டி.வி. விவாதத்தில் பதில் கிடைக்காது.

அந்த மணிப்பூர்க் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பர்மா எல்லையில் மோரே என்ற சின்ன ஊர். 1960-களில் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்து கடைகண்ணிகளை அரசுடைமை ஆக்கியபோது தமிழகத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலர், இங்கே முகாமில் பிழைக்க வழியில்லாமல், தரை வழியாகத் திரும்பிப் போகப் பார்த்தார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், பல மொழி பேசி எல்லை வியாபாரம் செய்தார்கள். 1990-களின் இனமோதல்களுக்குப் பிறகு நிறைய பேர் கிளம்பிவிட்டார்கள். 2023-ல் அந்த ஊரும் எரிந்தது. குக்கிகளும் அல்ல, மெய்தேய்களும் அல்ல. ஆனாலும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். வெளியூரில் வாழ்கிற யாருக்கும் இது வேற்றுக்கதை இல்லை.

இலங்கையையும் சொல்லாமல் விடமுடியாது. 2002 பிப்ரவரியில் நார்வே நடுவில் நின்று செய்த போர்நிறுத்தம் 2008 ஜனவரியில் முறைப்படி முடிந்து, 2009 மே மாதம் எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நாம் இன்னும் அதைப் பற்றி கட்சி கட்டிக் கத்துகிறோம். நார்வே அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? எங்கே தோற்றோம் என்று வெளியாட்களை வைத்து ஆராயச்சொல்லி, 2011-ல் அந்த அறிக்கையை வெளியிட்டது. தோல்வியை உட்கார்ந்து படிக்கிற இந்தப் பழக்கம் ஒன்றுக்காகவே இந்தத் துறையை நான் மதிக்கிறேன்.

வேலை, சம்பளம், கடன்

சரி, அப்பாக்களின் கேள்விக்கு வருகிறேன். அது கேவலமான கேள்வி இல்லை. ஊரில் நிலம் இல்லாமல், மாதச் சம்பளத்தை நம்பி வெளியூர் வந்தவர்கள் நாம். பிள்ளையின் சோற்றுக்கு வழி கேட்பது தப்பில்லை.

நேராகச் சொல்கிறேன். ஐ.நா. சபையில் வேலை என்று சொல்லி யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அங்கே இடங்கள் குறைவு, போட்டி உலகம் முழுக்க. இங்கே தொண்டு நிறுவனங்களில் வேலை உண்டு, ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஆரம்பச் சம்பளம் டெல்லியில் வீட்டு வாடகைக்கும் மெட்ரோவுக்கும் சரியாகப் போகும். என் அண்ணன் மகளுக்கு அப்படித்தான் போனது. 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கக்கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஆக்கியபிறகு சின்ன அமைப்புகள் பல ஆட்டம் கண்டன. சம்பளம் நிர்வாகச் செலவில்தானே வரும்?

கல்லூரி ஆசிரியர் வேலைக்கு யு.ஜி.சி. நெட் தேர்வு உண்டு. அதில் இந்தத் துறைக்குத் தனிப் பாடம் கிடையாது. பௌத்தம், சமணம், காந்தியம், அமைதி ஆய்வு என்று நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள் :-)

ஆனால் கதவு முழுக்க மூடியும் இல்லை. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, நிலம் எடுப்பதற்கு முன் பொதுவாகச் சமூகத் தாக்க ஆய்வு செய்யவேண்டும். அதற்கு ஊரில் போய் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் வேண்டும். 2023-ல் வந்த சமரசச் சட்டத்தில், ஒரு பகுதி மக்களின் அமைதியைக் கெடுக்கக்கூடிய தகராறுகளுக்கு, இரு தரப்பும் சம்மதித்தால், மூன்று பேர் கொண்ட குழு வைத்து சமூக அளவில் சமரசம் செய்ய இடம் வைத்திருக்கிறார்கள். பத்திரிகை, சட்டம், சிவில் சர்வீஸ் என்று போகிறவர்களுக்கு இது நல்ல அடித்தளம். தனித்து நின்றால் பலவீனம், இன்னொன்றோடு சேர்ந்தால் பலம். என் அனுபவத்தில் பார்த்தது இதுதான்.

அதனால் என் யோசனைகள்:

முதலாவது, கடன் வேண்டாம். டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் 2004-ல் தொடங்கிய நெல்சன் மண்டேலா மையம் இருக்கிறது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மாளவியா மையம். சிக்கிம் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை. நம் ஊர்ப் பக்கம் காந்திகிராமத்தில் காந்தியச் சிந்தனையும் அமைதி அறிவியலும் சேர்ந்த துறை. தனியார் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இங்கெல்லாம் செலவு மிகக் குறைவு. முதலில் இங்கே படிக்கட்டும்.

இரண்டாவது, வெளிநாடு போகவேண்டுமானால் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு உதவித்தொகையில் போகட்டும். பிராட்ஃபோர்டிலும் உப்சாலாவிலும் ரோட்டரி அமைப்பின் அமைதி மையங்கள் இருக்கின்றன. தேர்வானவர்களுக்குச் செலவை அவர்களே ஏற்கிறார்கள். ஆனால் வேலை அனுபவம் கேட்பார்கள். கேட்பது நியாயம். சண்டையைக் கண்ணால் பார்க்காத இருபத்திரண்டு வயதுப் பிள்ளை சமாதானத்தைப் பற்றிப் புத்தகத்திலிருந்துதான் பேசமுடியும்.

மூன்றாவது, ஒரு இடம், ஒரு மொழி. 'உலக அமைதி' என்று ஆரம்பிக்கிற பிள்ளை எங்கேயும் போய்ச்சேராது. ஒரு ஆறு, ஒரு மாவட்டம், ஒரு எல்லை என்று பிடித்துக்கொண்டு, அந்த ஊர் மொழியை அந்த ஊர்க்காரர் போலப் பேசக் கற்றால் மதிப்பு தானாக வரும்.

இந்த மூன்றாவதில்தான் நம் பிள்ளைகளுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. நாம் அதை ஒரு குறையாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். "என் பையனுக்குத் தமிழ் எழுத வராது, ஹிந்தியும் சுத்தம் கிடையாது, ரெண்டுங்கெட்டான்" என்று அலுத்துக்கொள்ளாத பெற்றோர் உண்டா? வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்ந்த பிள்ளை, சின்ன வயதிலிருந்தே ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்துக்கு விளக்கிக்கொண்டே இருக்கிறது. ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்கு ஆட்டோக்காரரையும், ஆட்டோக்காரருக்குத் தாத்தாவையும் புரியவைத்தது யார்? அந்த ரெண்டுங்கெட்டான்தான்.

ஜான் பால் லெடராக் என்ற அமெரிக்க அறிஞர், 1980-களில் நிகராகுவாவில் சமரச வேலை செய்தவர். இரண்டு பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லாத நடுநிலையாளர்தான் நல்ல நடுவர் என்று நாம் நினைக்கிறோம், எல்லா இடத்திலும் அப்படி இல்லை என்றார். பல சமூகங்களில் மக்கள் நம்புவது தங்களுக்கு ஏதோ ஒரு வகையில் உறவாக, தெரிந்தவராக, நாளைக்கும் இதே ஊரில் இருக்கப்போகிறவராக உள்ள ஆளைத்தான். இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவன் எதிலும் சேராதவன் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தால், அந்தத் துறை அவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

எனவே, ஆசைப்படுகிற பிள்ளையிடம் சம்பளத்தைக் கேளுங்கள், தப்பில்லை. கூடவே இன்னும் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். எந்த ஊர்ச் சண்டையைப் படிக்கப் போகிறாய்? அந்த ஊர் மொழி தெரியுமா? உனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பக்கத்து ஆளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவன் சொல்வதை முழுக்கக் கேட்பாயா? மூன்றுக்கும் யோசித்துப் பதில் வந்தால் ஃபீஸைக் கட்டிவிடுங்கள். வரவில்லை என்றால் ஒரு வருஷம் எங்காவது வேலைக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள், படிப்பு எங்கேயும் ஓடிவிடாது.

கடைசியில் பெற்றோருக்கும் ஒரு வேலை. இந்த மாதம் உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்றைக்கு என்று விசாரித்து, ஒரு முறை போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். எம்.ஏ. எல்லாம் வேண்டாம், கொஞ்சம் ஹிந்தி போதும்.